கிட்ட நில்லுங்கோ

இல்லையில்லை, நீங்கள் அந்தப் பக்கமே இருங்கோ, தங்கச்சி. நான் இப்பிடி வீட்டைப் பாத்தபடி இருக்கிறன். கடல் பக்கம் திரும்பினா எனக்கு வெயில் கண்ணிலை குத்துது. மடியிலை பிள்ளை நித்திரையெல்லே, நீங்கள் அசைய வேண்டாம். வாங்கு நீளம்தானே, ரெண்டு பேருக்கும் காணும்.

ஓம், வெள்ளவத்தைதான். எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள், என்ரை கதையிலையோ? நீங்கள்? பேருவளையோ, அப்ப கிட்டத்தானே. அவர் மூத்த பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வீடு பாக்கப் போட்டாரோ? நல்லது, பாக்கட்டும். மேல்மாடியிலை துரையின்ரை கட்டில் கிடக்கு. கயிறு கட்டி வைச்சிருக்கிறாங்கள், தொடக்கூடாது. கறுவாத் தோட்டம் வைச்சிருந்த வெள்ளைக்காரத் துரையாம், கட்டின மனிசிக்காகக் கடலோரத்திலை இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டினவராம். அந்த மனிசி கப்பலாலை வந்து இறங்கி ஒரு வருசம்கூட இருக்கேல்லை, காய்ச்சலிலை போட்டுதாம். பிறகு துரை தனிய இருந்து இந்தத் தோட்டத்தை வைச்சவராம். நான் இண்டைக்கு உள்ளுக்கை போகேல்லை. போன முறை பாத்தது காணும்.

ஓம், முந்தியும் ஒருக்கா வந்தனான். கேற்றிலை நிக்கிற வாச்சர் மல்லி என்னைக் கண்டவுடனை அடையாளம் பிடிச்சிட்டான், பாருங்கோ. ஆ நோனா, திரும்ப வந்தீங்களோ எண்டு சிங்களத்திலை சிரிச்சுக் கதைச்சான். துவ கெட்டு வெலா நே எண்டான். மகள் மெலிஞ்சு போனாவாம். ஓம் மல்லி, கொஞ்சம் மெலிஞ்சிட்டா எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். பாவம், அவன் அன்பாலை கேக்கிறான். ஆமிக்காரன் மாதிரி ஐடென்டிகாட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்காமல் விட்டானே, அதுவே பெரிசு. வரேக்கை வழியிலை எத்தினை செக்பொயின்ற், அப்பா! ஒவ்வொரு இடத்திலையும் வானாலை இறக்கி, பொலிஸ் பதிவைக் காட்டு, கமராவைத் திற. இடுப்பு முறிஞ்சு போச்சு.

எனக்காக ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. அந்த அரலியா மரத்தடியிலை பச்சைச் சாறியோடை ஒரு பிள்ளையும், நீளக்கைச் சேட்டுப் போட்ட ஒருத்தரும் நிக்கினமெல்லே? கமராவோடை நிக்கிற மொத்த மனிசன் ஒஸ்வால்ட். ஓம், எங்கட ஆக்கள்தான். எப்பிடி நிக்கினம்? தள்ளியோ? எவ்வளவு தள்ளி? நடுவிலை இன்னொரு ஆள் நிக்கலாமோ? ஐயோ கடவுளே, அப்பிடி நிண்டா விசா கிடைச்ச மாதிரித்தான்.

சிரிக்காதேங்கோ. உங்கட முஸ்லிம் ஆக்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. அந்தச் சேட்டுக்காரர் ரூபன் தம்பி, இருக்கிறது வெளிநாட்டிலை. எந்த நாடெண்டு சொல்லி என்ன, எல்லா இடமும் பனிதான். அங்கை மனிசியைக் கூப்பிடுறதெண்டா, இது உண்மைக் கலியாணம் எண்டு எம்பசிக்காரனுக்குக் காட்டவேணும். அவன் தாலியைப் பாக்கிறேல்லை, அய்யரைக் கேக்கிறேல்லை. கலியாணப் பட அல்பத்தைத்தான் பாக்கிறான். அல்பம் சரிவராட்டி இந்தப் பிள்ளை இஞ்சதான் கிடக்கவேணும். போன மாசம் ரவுண்டப்பிலை பிடிச்சுக்கொண்டு போய், யாழ்ப்பாணத்திலை பிறந்தவள் எண்டதுக்காக ரெண்டு நாள் பொலிஸிலை வைச்சிருந்தவங்கள். வெளியிலை வந்த பிள்ளை குளிச்சாள், குளிச்சுக்கொண்டே இருந்தாள். இன்னொருக்கா அப்பிடி நடந்தா நான் தாங்கமாட்டன். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் இழுபட்டு வந்தது.

ஒஸ்வால்ட் கொட்டாஞ்சேனைக்காரன். சும்மா கலியாணப் படம் எல்லாரும் எடுப்பாங்கள், இவன் எடுக்கிறது எம்பசி அல்பம். பெரிய விளையாட்டுக்காரன். மூண்டு சாறி, மூண்டு சேட்டுக் கொண்டு வாங்கோ அன்ரி எண்டுவான். அரலியா மரத்தடியிலை ஒரு உடுப்பு, விறாந்தையிலை இன்னொண்டு, கடற்கரையிலை இன்னொண்டு. ஒரு நாளை ஒரு மாதமாக்கிப் போடுவான். வெள்ளவத்தைக் கடற்கரையிலை கமராவைத் தூக்கினா நேவிக்காரன் தூக்கிக்கொண்டு போவான், அதாலைதான் இந்த வீட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிறான்.

முதல் அல்பத்தாலை வந்த வினைதான் எல்லாம். கௌரி எனக்கு ஒரே பிள்ளை. பாமன்கடையிலை ஒரு ஹோலிலை கலியாணம். ரூபன் லீவிலை வந்து தாலியைக் கட்டிப்போட்டு, அடுத்த கிழமையே ஓடவேண்டிய ஆள். எங்கட ஆக்களின்ரை கலியாணப் படம் எப்பிடி இருக்கும் எண்டு தெரியும்தானே? பொம்பிளை தலை குனிஞ்சிருக்க வேணும், மாப்பிளை முன்னுக்குப் பாக்க வேணும், ரெண்டு பேரும் ஏதோ செத்தவீட்டிலை இருக்கிற மாதிரி. என்ரை மச்சாள் பத்மாவதி படம் எடுக்கிறவனுக்குப் பின்னாலை நிண்டு, பிள்ளை பல்லுத் தெரியுது, தம்பி கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, சபையெல்லே எண்டு கத்திக்கொண்டிருந்தவ. ஒரு படத்திலை ரெண்டு பேருக்கும் நடுவிலை அவவே வந்து இருந்திட்டா, வேறை கதிரை இல்லையெண்டு.

எம்பசிக்காரன் அந்த அல்பத்தைப் பாத்திட்டு, இவையள் புருசன் பெஞ்சாதியோ, இல்லாட்டி பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்களோ எண்டு யோசிச்சிருப்பான். கௌரியைக் கூப்பிட்டுக் கேட்டானாம், உம்முடைய கணவர் கட்டிலிலை எந்தப் பக்கம் படுக்கிறவர் எண்டு. அவளுக்கு முகம் சிவந்து போச்சு, அழுதிட்டாள். ஆம்பிளை ஒருத்தன் அப்பிடிக் கேட்டா எங்கட பிள்ளை என்ன சொல்லும்? அவன் அதையும் பொய்க் கலியாணம் எண்டு எழுதிப்போட்டான்.

ஆர், கௌரியோ? சாப்பாட்டு நேரம் தவிர வாயை மூடத் தெரியாத பிள்ளை. கோட்டையிலை ஒரு கொம்பனியிலை வேலை. பின்னேரம் ட்ரெயினாலை இறங்கி, றோட்டிலையிருந்தே கதையைத் தொடங்குவாள். ஆர் என்ன சாறி உடுத்தவை, மனேஜர் எப்பிடி மூக்கை உறிஞ்சினவர், எல்லாம் நடிச்சுக் காட்டுவாள். அப்பிடிப்பட்டவள் ரூபனுக்கு முன்னாலை மட்டும் கல்லு மாதிரி நிப்பாள். அவரும் கூச்சக்காரன். ரெலிபோனிலை கதைச்சாலும், சாப்பிட்டீரோ, ஓம், நீங்கள், ஓம், அவ்வளவுதான். எனக்குச் சரியான பயம் பிடிச்சிட்டுது, தெரியாத ஒருத்தருக்குப் பிள்ளையைக் குடுத்திட்டனோ எண்டு.

ரூபன் திரும்ப லீவெடுத்து வந்தார். ஒஸ்வால்ட் எங்களை இஞ்ச கொண்டுவந்தான். அண்டைக்கும் இப்பிடித்தான், விடிய வந்து மத்தியானமாகியும் ஒண்டும் சரிவரேல்லை. கிட்ட நில்லுங்கோ, கிட்ட நில்லுங்கோ எண்டு அவன் தொண்டை அடைச்சுப் போச்சு. கையைப் பிடியுங்கோ எண்டா, ரெண்டு பேரும் ஏதோ நெருப்பைத் தொடுற மாதிரி. பிறகு அங்கை, கடலுக்கு இறங்கிற கல்லுப்படி தெரியுதோ? பாசி பிடிச்ச படி. அதிலை இறங்கேக்கை இவளுக்குச் செருப்பு வழுக்கிப் போச்சு. ஐயோ அம்மா எண்டு பாய்ஞ்சு அவரின்ரை கழுத்தைக் கட்டிப் பிடிச்சாள். அவரும் சறுக்கி, ரெண்டு பேருமாப் படியிலை இருந்தே போட்டினம். செருப்பு உருண்டு போய்க் கடலுக்கை விழுந்திட்டுது.

பிறகு பாக்கவேணும் நீங்கள்! கௌரி சிரிக்கத் தொடங்கினாள். அவருக்கும் சிரிப்பு. நிப்பாட்ட ஏலேல்லை ரெண்டு பேருக்கும். அவர் லோங்ஸை மடிச்சுக்கொண்டு செருப்பு எடுக்கக் கடலுக்கை இறங்க, இவள் அங்காலை, இஞ்சாலை, ஐயோ அது போகுது எண்டு கத்துறாள். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அண்டைக்குத்தான், ரூபன், ரூபன் எண்டு. ஒஸ்வால்ட் வாயே திறக்காமல் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வீட்டை போகுமட்டும் ஒற்றைச் செருப்போடை, அவரின்ரை தோளிலை சாஞ்சுகொண்டு, வானுக்கை மனேஜர் மூக்கு உறிஞ்சிறதை நடிச்சுக் காட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கலியாணம் எங்கை நடந்தது எண்டு கேட்டா நான் பாமன்கடை எண்டு சொல்லமாட்டன், தங்கச்சி. இந்தத் தோட்டத்திலைதான் நடந்தது. நான் கண்ணாலை கண்டனான். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

திரும்பப் பாருங்கோ. இப்ப எப்பிடி? அப்பிடியேதானோ? ஒஸ்வால்ட் என்ன, கையைக் காட்டுறானோ? படிப்பக்கம் போகச் சொல்லிக் காட்டுறானாக்கும். போகமாட்டார். காலமை வானாலை இறங்கேக்கையே சொல்லிப்போட்டார், அந்தப் படியடி மட்டும் வேண்டாம் ஒஸ்வால்ட் எண்டு.

ஓம், கிடைச்சது. அந்தப் படங்களைப் பாத்திட்டு எம்பசிக்காரன் ஒரு கேள்விகூடக் கேக்கேல்லை. ஓம் தங்கச்சி, விசா வந்தது.

பிறகேன் இஞ்ச வந்து படம் எடுக்கினம் எண்டு கேக்கிறியள். நியாயமான கேள்விதான்.

ஆடி மாதம் விசா வந்தது. அந்தக் கிழமையோடை கௌரி வேலையை விடுறதா இருந்தவள். பின்னேர ட்ரெயினிலை வரேக்கைதான் குண்டு வெடிச்சது. நீங்களும் கேள்விப்பட்டிருப்பியள். எங்கட வீட்டு யன்னல் அதிர்ந்தது. நான் அடுப்பிலை தேத்தண்ணிக்கு வைச்சிட்டு, இவள் இண்டைக்கு வந்து இதை எப்பிடி நடிச்சுக் காட்டப் போறாளோ எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டனான். களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போனது அவர்தான், என்ரை மனுசன், நாகேந்திரம். என்னை உள்ளுக்கை விடேல்லை. செருப்பைப் பாத்துத்தான் பிள்ளையை அடையாளம் சொன்னவராம். அதுக்குப் பிறகு அவர் வீட்டைவிட்டு எங்கையும் வாறேல்லை. இண்டைக்கும் மாட்டன் எண்டிட்டார்.

அழாதேங்கோ. பிள்ளை எழும்பிடும்.

அங்கை நிக்கிறது யசோ. என்ரை அண்ணர் நமசிவாயத்தின்ரை மகள். இடம்பெயர்ந்து வன்னியிலை கிடந்து, அங்கையிருந்து வெளியிலை வரப் பாஸ் எடுத்து, பிள்ளையை மட்டும் என்னட்டை அனுப்பினவர். பிள்ளையை எங்கையாவது அனுப்பிவிடு சரோ எண்டு ஆரோ வாற ஆளிட்டைச் சொல்லி அனுப்பினார். ரூபனும் அங்கை தனிய. ரெலிபோன் எடுத்தா மாமி எண்டிட்டுப் பிறகு கதையில்லை, அழுறார் எண்டு எனக்குத் தெரியும். நான்தான் கேட்டனான். தம்பி, இன்னும் எவ்வளவு காலத்துக்கு இப்பிடி இருக்கப் போறியள், எங்கட யசோவைக் கட்டுங்கோ எண்டு. அவர் வேண்டாம் எண்டார். விடாமல் கேட்டனான். முந்தநாள்தான் தாலி கட்டினது, கோயிலிலை, ஆரவாரம் ஒண்டுமில்லாமல். வாச்சர் மல்லிக்கு இதையெல்லாம் எந்தச் சிங்களத்திலை சொல்லுறது? மகள் மெலிஞ்சிட்டா எண்டு அவன் சொன்னா, மெலிஞ்சிட்டா எண்டே இருக்கட்டும்.

வயிறு எரியேல்லையோ எண்டு கேட்டா, எரியுதுதான். தாலி கட்டேக்கை எனக்கு யசோவின்ரை கழுத்துத் தெரியேல்லை, கௌரியின்ரை கழுத்துத்தான் தெரிஞ்சது. ஆனா அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது, சொல்லுங்கோ? இதுவாவது உயிரோடை போய்ச் சேரட்டும்.

இண்டைக்கு விடியத் தொடக்கம் அவர் கையைத் தூக்குறார், அவளின்ரை தோளிலை போட. பிறகு என்னைப் பாக்கிறார். கையை விட்டிடுறார். திரும்பத் தூக்குறார், திரும்ப என்னைப் பாக்கிறார். அவளும் என்னைத்தான் பாக்கிறாள், ஏதோ என்ரை சாமானைக் களவெடுத்தவள் மாதிரி. நான் சிரிச்சுக் காட்டினன், தலையை ஆட்டிக் காட்டினன். சரிவரேல்லை. எழும்பிப் போயிட்டா, மாமி எங்கையோ இருந்து அழுறா எண்டு தேடி வருவினம். அதுதான் கண்ணுக்குத் தெரியிற இடத்திலை, முதுகைக் காட்டிக்கொண்டு, ஆரோடையாவது பெரிசாக் கதைச்சுக்கொண்டு இருப்பம் எண்டு வந்தனான். வெயில் எண்டதெல்லாம் பொய், தங்கச்சி. இப்பிடி இருந்தாத்தான் எனக்கு வெயில் முகத்திலை படுது.

இப்ப பாருங்கோ. மெல்லமாப் பாருங்கோ, அவைக்குத் தெரியாமல்.

போட்டிட்டாரோ? தோளிலையோ? அவள் தலையை நிமித்திட்டாளோ? ஒஸ்வால்ட் எடுக்கிறானோ? எடுக்கட்டும், எடுக்கட்டும்.

சிரிக்கினமோ?

சரி. நான் திரும்பேல்லை. நீங்கள் மட்டும் கொஞ்ச நேரம் எழும்பிப் போயிடாதேங்கோ, தங்கச்சி. ஏதாவது கதையுங்கோ. மடியிலை கிடக்கிற பிள்ளைக்கு என்ன பேர்?