அக்காவுக்காக அளந்தது

காய்கறிக் கடையில் தராசு முள் அசையாமல் நிற்கும்வரை நான் பையை நீட்ட மாட்டேன். "உன்னைக் கட்டிக்கிட்டவ பாவம்டா, சோத்தையும் அளந்துதான் போடணும்போல" என்று அக்கா கிண்டல் செய்வாள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நான் அலட்சியக்காரன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

புற்றுநோய்க் கட்டிக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்று டாக்டர் சொல்வார். அதற்கு இயந்திரம் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று எனக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் கணக்குப் போடுவாள். சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவன் நான். இயந்திரத்துக்குக் கட்டி கிட்டே இருந்தால் கதிர் கூடுதலாக விழும். அதனால் நேரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டருக்கு அந்தக் கணக்கு தெரியாது, நாங்களே கையால் குறைப்போம். புதிதாக வந்தது தானாகவே குறைத்துக் கொடுத்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. குறைத்ததையே மறுபடியும் குறைத்துக்கொண்டிருந்தோம்.

"சார், இத இன்னும் நாம கையால செய்யணுமா?" என்று அந்தப் பெண் ஒருநாள் கேட்டாள். சொன்னதைச் செய் என்று சொல்லிவிட்டேன். அவள் என் விதிப்படி போட்ட கணக்கை நான் என் விதிப்படியே சரிபார்த்தேன். பொருந்தாமல் எங்கே போகும்? இதுவரை நடந்தது தவறு. தவறு யாருக்கும் வரும்.

பிறகு அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. சொந்த அக்கா, மனசு கேட்கவில்லை. அவளுடைய கணக்கை மட்டும், உடம்புக்குப் பதிலாக வைக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் அளவுக் கருவியை இறக்கி நேராகவே அளந்து பார்த்தேன். டாக்டர் சொன்னதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அவ்வளவு குறைந்தால் கட்டி சுருங்கும், ஆனால் சாகாமல் போகலாம். மறுபடி அளந்தேன், அதேதான்.

அக்காவின் கணக்கை அன்றே திருத்தினேன். மற்றவர்களுக்கும் திருத்தியிருக்கலாம். ஆனால் ஒரே நாளில் எல்லா அளவும் எகிறினால் ஏன் என்று கேட்பார்கள். முன்பு வந்துபோனவர்களின் கதியைக் கேட்பார்கள். ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை போய்விட்டால் கஷ்டப்படுவது நோயாளிகள்தானே. அதனால் இயந்திரத்தைச் சீர்செய்கிறோம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, மாதாமாதம் துளித்துளியாக, யார் கண்ணையும் உறுத்தாமல் ஏற்றினேன்.

காத்திருக்கும் அறையில் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி ஒரு பஸ் டிரைவருடையது. அவருக்கும் தொண்டைதான். உங்க தம்பி கையில இருக்கோம், நமக்கென்ன கவலை என்று அவளுக்குத் தைரியம் சொல்வாராம். அவருக்குக் குறைவாகப் போகிறது என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் வைப்பார், நானும் வைப்பேன்.

அவருக்குக் கட்டி திரும்ப வந்தது. குரல் போய்விட்டது. கடைசியாகப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு காற்றாகச் சொன்னார்: "நீங்க எல்லாம் சரியாத்தான் குடுத்தீங்க சார். என் உடம்புதான் ஒத்துக்கல."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இறந்த செய்தி வந்ததும் அக்கா கேட்டாள், "அவருக்கும் நீ அளந்து பாத்ததானேடா?" பார்த்தேன் என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போனேன். குற்ற உணர்ச்சி இல்லையா என்று கேட்டீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. இருக்கிறது. அது இல்லாத வேளை இல்லை.

நோயில் இறந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். கொன்றது நான். அவர் ஒருவர் மட்டும் அல்ல. மற்றவர்கள் யார் யார் என்பதையும் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்ற வேண்டியதையெல்லாம் போன வாரத்தோடு ஏற்றி முடித்துவிட்டேன். அது முடியட்டும் என்றுதான் இத்தனை நாள் உங்களிடம் வரவில்லை. இப்போது போய் அந்தத் தொட்டியில் அளந்து பாருங்கள், இம்மிகூடப் பிசகாது.