ஃப்ளாஷுக்குப் போர்த்திய துணி

மாலை ஐந்தே முக்கால். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குக் கிழக்கே, காவிரியை ஒட்டிப் போகும் மண் பாதை. ஆள் நடமாட்டமே இல்லை… இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதைக் கத்திச் சொல்ல முடியாது.

என் நண்பன் ஆண்டியின் சித்தப்பா மகன் வளவனுக்கு நடந்தது இது. கல்யாணப் படம் எடுப்பவன். அன்றைக்கு அவன் எடுக்கப் போனது சொந்தத் தங்கை யமுனாவை. பக்கத்தில் அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் சித்தார்த்தன். விடிந்தால் மாப்பிள்ளைக்கு அபுதாபி விமானம். இனி தாலி கட்டத்தான் வருவான். இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

அந்தி நேரத்துப் படம் லேசுப்பட்டதல்ல. பின்னால் மலைக்கோட்டையும் சிவந்த வானமும் தெரிய, ஷட்டர் நிதானமாக மூட வேண்டும். முன்னால் நிற்பவர்கள் மேல் ஃப்ளாஷ் அளவாக விழ வேண்டும். இரண்டும் ஒத்துப்போக மிஞ்சினால் பத்து நிமிடம்… அப்புறம் வானம் கருத்துவிடும். வளவனோ, ஃப்ளாஷின் முன்னால் மாட்டும் வெள்ளைத் துணிக் கூண்டை வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தான். வெறும் ஃப்ளாஷில் யமுனாவின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக விழுந்தது.

சுற்றிலும் பார்த்தான். கரையோர முள்செடியில் ஒரு வெள்ளை வேட்டி சிக்கிக் கிடந்தது. பாதி தண்ணீரில்.

அது என்ன வேட்டி என்று அவனுக்குத் தெரியாதா? அந்த ஊரிலேயே பிறந்தவன். மண்டபத்துப் படித்துறையில் செத்தவர்களுக்குக் காரியம் முடித்தவர்கள் உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அதுதான் இங்கே வந்து ஒதுங்கியிருந்தது. தெரிந்தேதான் எடுத்தான். எனக்கு அவனை நினைத்தால் பயமில்லை, அருவருப்புதான் வருகிறது.

சளக்… சளக்… பிழிந்தான். புளித்த பால், எள், சேறு எல்லாம் கலந்த வாடை. மடிப்புக்குள் சோற்றுப் பருக்கையும் சிரைத்த நரைமுடியும். மூச்சை அடக்கிக்கொண்டு, உதறி, ஃப்ளாஷின் மேல் போர்த்தினான்.

யமுனா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அண்ணா, வேணாம்ணா. அவரு மேல படப்போற வெளிச்சம்."

"படத்துல வாடையா தெரியப் போவுது? சும்மா நில்லு."

க்ளிக். வெளிச்சம் வெண்ணெயாக இறங்கியது. கேமராவில் பார்த்தான். யமுனாவின் முகம் அப்படி ஒரு அழகு. தோளோடு தோளாக நின்ற சித்தார்த்தன் மட்டும்… இருட்டு. வானத்து மங்கல் தவிர அவன் மேல் ஒன்றுமில்லை.

ஃப்ளாஷைக் கூட்டினான். க்ளிக். முழுசாகக் கூட்டினான். க்ளிக். சித்தார்த்தனுக்குப் பின்னால் இருந்த நாணல்கூடத் தாள் தாளாகப் பளிச்சிட்டது. அதன் மேல் அவன் நிழல் இல்லை. நடுவில் நின்ற அவன் மேல் வெளிச்சமும் இல்லை.

வேட்டியை உருவி ஆற்றில் எறிந்துவிட்டு, வெறும் ஃப்ளாஷில் எடுத்தான். அப்போதும் அப்படியேதான்.

"எப்படி வந்திருக்கு மச்சான்?" சித்தார்த்தன் சிரித்தபடி கேட்டான்.

"மெமரி கார்டு போயிடுச்சு மாப்ள, ஒண்ணும் பதியல," என்றான் வளவன். அங்கேயே எல்லாவற்றையும் அழித்தான். தங்கையிடம் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாணம் நின்றுபோனால் ஊர் என்ன சொல்லும் என்று வாயை மூடிக்கொண்டான். த்தூ.

தை மாதம் கல்யாணம். படம் எடுக்க மாட்டேன் என்று வளவன் ஒதுங்கிக்கொள்ள, வேறு ஆள் வந்தார். ஆல்பத்தை ஆண்டி பார்த்திருக்கிறான். யமுனாவின் கழுத்தில் தாலி பளபளக்கிறதாம். முடிச்சுப் போடும் கைகள் மட்டும் கருப்பாக இருக்கின்றனவாம். லைட் சரியில்லை என்று அந்த ஆளைத் திட்டியிருக்கிறார்கள்.

சித்தார்த்தனுக்கு ஒரு குறையும் இல்லை. வேலைக்குப் போகிறான், சாப்பிடுகிறான், சிரிக்கிறான். யமுனாவையும் அபுதாபிக்கே கூட்டிப்போய்விட்டான்.

போன வாரம் வளவனுக்கு அவளிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணா… இவரு மூணு வேளையும் குளிக்கிறாரு. அப்பவும் அந்த எள்ளு வாடை போவல. விடிஞ்சு பாத்தா, மெத்தையில இவரு படுத்த எடம் நனைஞ்சு கெடக்கு. தினம் நான்தான் தொடைக்கிறேன்… அதுல சோத்துப் பருக்கை ஒட்டியிருக்குண்ணா."