வட்டிக்கு நேர்ந்த கிடாய்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். ஒருவர் ஆடு வளர்ப்பவர், மற்றவர் பிளாட் போட்டு விற்பவர்.

"வட்டிய ஏத்துனதுல எங்க ஆடெல்லாம் கொழுத்துருச்சு மச்சான்" என்றார் ஆட்டுக்காரர்.

"என்ன மாப்ள சொல்ற?"

"பம்பாயில பெரிய பேங்குக்காரவுக வட்டியக் கொறைச்சப்ப, கம்மாக்கரை வரைக்கும் பிளாட்டுக் கல்லு ஊனுனீக. இப்ப ஏத்திட்டாக. லோனு போட்டு வாங்க ஆளில்ல. பிளாட்டு பூராம் கருவேலமுள்ளு. அதுல காய்க்கிற நெத்தத் தின்னுதான் கொழுத்துருச்சுக."

"திரும்பக் கொறைக்கட்டும், மறுநாளே மிசின விட்டு முள்ளப் புடுங்கிருவேன்."

"அதான், இன்னும் ஏத்தணும்னு அய்யனாருக்குக் கிடா நேந்திருக்கேன்."

"கொறைக்கணும்னு நானும் அதே அய்யனாருக்குத்தான் நேந்திருக்கேன். ஒங்கிட்ட நிக்கிற அந்தக் கருப்புக் கிடாய எனக்கு வச்சிரு."

"நான் நேந்ததும் அதத்தான மச்சான்!"

நான் இறங்க வேண்டிய ஊர் வந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

"ஏத்தாம, கொறைக்காம அப்படியே விட்டுட்டாகன்னா?" என்று கேட்டார் பிளாட்காரர்.

ஆட்டுக்காரர் சொன்னார்:

"கிடா பொழச்சுக்கிரும்."