உள்ளே இருக்கும் டிஸ்க்

அண்ணி: ...சர்வர் டிஸ்க்கை உருவி, இனி யாரும் படிக்க முடியாதபடி ஓட்டை போட்டுடலாம்னு மீட்டிங்ல வாயை விட்டது நீதானே?

கொழுந்தன்: நான்தான் அண்ணி. ஆஸ்பத்திரி டேட்டா மொத்தமும் இப்போ என் ஸ்டோரேஜ் பெட்டியில இருக்கு. சர்வருக்குள்ள இருக்குற டிஸ்க் எதுக்கு, அழகு பார்க்கவா?

அண்ணி: பெரிய பெட்டி! பக்கத்து ரூம்ல உட்கார்ந்திருக்கு. ஒவ்வொரு ரத்த ரிசல்ட்டுக்கும் கேபிள் வழியா ஓடிப்போய்க் கேட்டு வாங்கணும். டேட்டாபேஸுக்கு டிஸ்க் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும்னு தொண்டை கிழியக் கத்தினேன்...

கொழுந்தன்: சர்வர் மண்டையைப் போட்டா உள்ள இருக்குற டிஸ்க்கும் கூடவே போயிடும். என் பெட்டின்னா வேற சர்வரை மாட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்.

அண்ணி: உன் பெட்டியே படுத்துட்டா?

கொழுந்தன்: வாயைக் கழுவுங்க! அதுல எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு.

அண்ணி: பெருமை மட்டும் நாலு நாலா இருக்கு.

கொழுந்தன்: மெதுவாயிடும்னு சாபம் விட்டீங்களே... பெட்டிக்கு மாத்தி ஒரு மாசம் ஆச்சு. ரிசல்ட் பறக்குது. லேப்ல ஒரு புகார் உண்டா?

அண்ணி: அது நான் புரோகிராமைத் திருத்தி எழுதினதால. டைரக்டரே எழுந்து கைதட்டினார்.

கொழுந்தன்: தெரியுமே. அவர் குடுத்த பாராட்டுக் கடிதத்தை அண்ணன் ஃபிரேம் போட்டு மாட்டிட்டாரு. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் படிச்சு முடிச்சாத்தான் உட்கார விடுறாரு.

அண்ணி: உனக்கு வயித்தெரிச்சல்... சரி, டிரில் போடுறவர் வந்தாச்சா?

கொழுந்தன்: கீழ ரிசப்ஷன்ல பேர் எழுதிட்டு இருக்கார். மேல வந்ததும் சர்வரை நிறுத்துவார், டிஸ்க்கை உருவுவார், அங்கேயே ஓட்டை. பத்து நிமிஷ வேலை.

அண்ணி: ஓ...

கொழுந்தன்: தடுக்கணும்னா தடுங்க.

அண்ணி: நான் எதுக்குத் தடுக்கணும்? காலி டிஸ்க்தானே. வேணும்னா நீ தடு.

கொழுந்தன்: நானா? நானே சொல்லிட்டு நானே எப்படி...

அண்ணி: ஒண்ணு கேட்கட்டா? உன் பெட்டியில இந்த ஒரு மாசத்துல எவ்வளவு இடம் நிரம்பிச்சு?

கொழுந்தன்: அது... அது டேட்டாவைச் சுருக்கி வெச்சுக்கும்.

அண்ணி: எவ்வளவு சுருக்கினாலும் பூஜ்யமாவா ஆகும்?

கொழுந்தன்: ...பார்த்துட்டீங்களா?

அண்ணி: பெட்டியை சர்வரோட இணைக்க மறந்துட்டு டேட்டாபேஸை ஓட விட்டிருக்கே. அதே பேர்ல சர்வருக்குள்ள ஒரு காலி ஃபோல்டர் இருந்துச்சு. அது பாட்டுக்கு உள் டிஸ்க்லேயே எழுதிட்டு இருக்கு!

கொழுந்தன்: மெதுவாப் பேசுங்க அண்ணி...

அண்ணி: பேக்கப்பும் பெட்டியில இருந்துதானே எடுக்குறே? தினமும் காலியை எடுத்துப் பத்திரமா வெச்சிருக்கே. ஒரு மாச நோயாளிங்க ரிசல்ட், வேற எங்கேயும் ஒரு நகல் கிடையாது!

கொழுந்தன்: நேத்து சாயங்காலம்தான் கவனிச்சேன். மீட்டிங்ல அவ்வளவு பேசிட்டு, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு... நான் எதைச் சொன்னாலும் குறுக்க விழுவீங்களே, இதுக்கும் விழுவீங்கன்னு நம்பிட்டு இருந்தேன்.

அண்ணி: நல்லா நம்பினே போ.

கொழுந்தன்: ஆமா... உங்களுக்கு எப்போ தெரியும்?

அண்ணி: மூணு வாரமா.

கொழுந்தன்: மூணு வாரமாவா! அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை?

அண்ணி: லிஃப்ட் சத்தம் கேட்குது, ஓடு, அந்த மனுஷனை மறி. நான் டைரக்டர் ரூமுக்குப் போறேன்... ரிசல்ட் பறந்தது உள் டிஸ்க்காலதான், புரோகிராம்ல ஒரு வரியைக்கூட நான் தொட்டதில்லைன்னு சொல்லணும்.