ஒரு கையால் அழுதவள்

பிள்ளைகளே, இன்று காலை வாடிப்பட்டியில் மதுரை பஸ் ஏறினேன். முன் சீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண்கள் இருவர். ஜன்னலோரம் இருந்தவள் பக்கத்திலிருந்த தோழியிடம் திடீரென்று சொன்னாள்:

"எங்கப்பா செத்த வீட்ல ஒத்தக் கையால கட்டிப்புடிச்சு அழுதவ நீ ஒருத்திதான்டி."

தோழி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "வந்தேன்ல. அழுதேன்ல."

"வந்த. சித்தி, அத்தையெல்லாம் ரெண்டு கையையும் என் தோள்ல போட்டு அழுதாக. ஒன் ஒரு கையில போனு. என் முதுகுக்குப் பின்னாடி வச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருக்க. எங்க அத்த பாத்துட்டுச் சொல்லுச்சு."

"மெசேஜ் வந்துச்சுடி. ஒரு நிமிசந்தான்."

"அந்த ஒரு நிமிசந்தான்டி நான் ஒன் தோள்ல சாஞ்சிருந்தேன்."

எனக்கே கோபம் வந்தது. சமயநல்லூரில் கூட்டம் ஏறியது. கண்டக்டர் உள்ளே போகச் சொல்லிக் கத்தினார். அவள் விடவில்லை.

"அதுக்கப்புறம் தெனமும் கிளாஸ்ல பக்கத்துலதான் உக்காந்திருக்க. எப்படிச் செத்தாருன்னு ஒரு வார்த்த கேட்டியா? போன்ல அழுகுற பொம்ம மட்டும் அம்புட்டு அனுப்புன."

தோழி போனைப் பைக்குள் வைத்தாள். குரல் இறங்கிவிட்டது. "எங்க வீட்ல இதுவரைக்கும் யாரும் செத்ததில்லடி. என்ன பேசுறதுன்னு தெரியல. போனப் பாத்தாத்தான் பயம் தெரியல."

"எனக்கு மட்டும் பழக்கமா? எனக்கும் எங்கப்பாதான்டி மொத சாவு."