கொலும்புக்கு வர மாட்டேன்

ஹலோ... ஹலோ, பிரேமினியோட அப்பாவா? நா அவ டீச்சர், வினோதா பேசுறேன். லிந்துலையில இருந்து... ஆமா, ஆமா, தேயிலத் தோட்டத்துப் பள்ளிக்கூடந்தான்... ஐயோ, இல்லங்க, புள்ளைக்கு ஒண்ணுமில்ல! நல்லா இருக்கா. இந்தா, பக்கத்துலதான் நிக்கிறா.

கடையில ஆள் நிக்கிதா?... சரி, சுருக்கா சொல்லிர்றேன். சனிக்கிழம வந்து அவளக் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறீங்களாமே?... ம்... ம்... தையல் வேலைக்கா? அழகன் அண்ணே, அவளுக்குப் பதிமூணு வயசுங்க!

...தெரியும், தெரியும். எட்டாம் வகுப்புல இருந்துக்கிட்டு ரெண்டாம் வகுப்புப் புள்ள மாதிரி எழுதுறா. நா மறைக்கல. 'கால்'னு சொன்னா 'கல்'னு எழுதுவா. 'பாட்டு'ன்னா 'பட்டு'. மத்ததுக சிரிக்கும், இவ பேனாவ மூடி வச்சிருவா... அதுக்காக நிப்பாட்டிர்றதா?

இப்ப இவள மாதிரி கொஞ்சப் பேரத் தனியா வச்சு சொல்லிக்குடுக்கிறேங்க... எப்பிடியா? நீங்க சிரிக்கக் கூடாது. சத்தம் நீண்டா கைய நீட்டணும். காஆஆல்! உள்ள எடம் பத்தலன்னு ரோட்டோரம் நின்னு செஞ்சோம். நீட்டுன கையப் பாத்து ஹட்டன் பஸ்ஸு வந்து நின்னுருச்சு! ஏறுங்க, ஏறுங்கங்கிறாரு கண்டக்டர்... ஆமாங்க! உங்க மகதான், "நாங்க பஸ்ஸுக்கு நிக்கல, எழுதப் பழகுறோம்"னு சொல்லி அனுப்பி வச்சா.

அத விடுங்க. காலையில அவ அம்மா போன்ல இருந்து ஒரு மெசேஜ் வந்துச்சில்ல?... அதேதான். "அப்பா, நான் கொலும்புக்கு வர மாட்டேன். எனக்கு இப்ப எழுத வருது"... என்னது, நா எழுதிக் குடுத்தேனா? அண்ணே, நா எழுதியிருந்தா கொழும்புக்கு அந்த 'லு' போடுவேனா?... ம், நல்லாப் பாருங்க. அது அவளோட தப்பு, அவளே எழுதுனது. மீதி எல்லாம் சரி. 'அப்பா'ன்னு எழுதியிருக்கா, பாத்தீங்களா? போன மாசம் வரைக்கும் நீங்க அவளுக்கு வெறும் 'அப்ப'தான்.

என்ன, திரும்ப வாசிச்சுப் பாக்குறீங்களா?... ம்... ம்... பரவாயில்ல, மெதுவா வாசிங்க...

...நெசமாவா? சரிங்க. சரிங்க! சனிக்கிழம வாங்க, புள்ளயப் பாத்துட்டு மட்டும் போங்க.

பிரேமினி! அப்பா படிக்கச் சொல்லிட்டாரு... அடியே, சேலைய இழுக்காத! அண்ணே, இங்க ஒரே குதிப்பு... என்ன? வரும்போது என்ன வாங்கிட்டு வரணுமா? இருங்க, கேக்குறேன்... வாயால சொல்ல மாட்டாளாம். எழுதித்தான் அனுப்புவாளாம்... ஆமாங்க, இப்பவேதான்! போனப் புடுங்குறா, வச்சிர்றேன்!