கேட்காமல் விட்ட திசை

இரவு இரண்டே முக்கால். குன்றின் மேல் ஒரு ரேடார் நிலையம். ஏறிப்போக ஒரே சாலை, அடியில் காவலாளியோடு ஒரு கேட்... விளக்கு கிடையாது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

உள்ளே நம் தோழி ஒருத்தியின் அத்தான். மூன்று ராத்திரி தூங்காதவர். சூடேறிய பிளாஸ்டிக் வாடை. கணினி விசிறிகளின் ஒரே இரைச்சல்.

வீட்டில் பிறந்து நான்கு நாளான பிள்ளை. இன்னும் முகம் பார்க்கவில்லை. "இன்னிக்காவது வருவீங்களா, இல்ல உங்க பிள்ளையே நடந்து வந்து பாத்துக்கணுமா?" என்று அவர் மனைவி, தோழியின் அக்கா, போனில் கேட்டிருந்தாள்.

வெளியே சுவர் மாதிரி நாலாயிரம் சின்ன ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றும் கேட்பதைச் சரியான தாமதத்தோடு கூட்டினால் வேண்டிய திசையைப் பார்க்கலாம். தனித்தனியே கூட்டினால் கணினி திணறும். பதினாறு பதினாறாகச் சேர்த்துக் கூட்டும் குறுக்குவழி ஒன்றை அத்தான் எழுதியிருந்தார். அதில் ஒரு தொல்லை, ஒன்றுமில்லாத இடத்திலும் பொய்ப்புள்ளி முளைக்கும். படம் சுத்தமாக வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பொய்ப்புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கினார். ஒரு புள்ளி மட்டும் போகவில்லை. சாலையில்... ஆள் நடக்கிற வேகத்தில்... மேலே ஏறி வந்தது.

நாலாயிரத்தையும் தனித்தனியே கூட்டிப் பார்த்தார். பொய் என்றால் மறைந்திருக்க வேண்டும். இது இன்னும் கூர்மையானது. அவருடைய கார் பக்கத்தில் வந்து நின்றது. நின்ற பிறகும் மிக லேசாக, சீராக அசைந்தது.

மூச்சு.

கதவைத் திறந்து பார்த்தார். காரைத் தவிர ஒன்றுமில்லை.

பயப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. அந்தச் சாலைத் திசையை மட்டும் கேட்காதே என்று கணினிக்கு ஒரு வரி எழுதினார். படம் சுத்தமானது. கையெழுத்துப் போட்டார். கிளம்பினார்.

ஆன்டெனாக்கள் கேட்டதெல்லாம் பதிவில் அப்படியே இருக்கும். எந்தத் திசையையும் பிறகு எடுத்துப் பார்க்கலாம். காலையில் வந்த 'சோடாபுட்டி', அவருடைய கூட்டாளி, அந்த ஒரு வரியை நீக்கிவிட்டுப் பதிவை ஓட்டினார். பிறகு போன் செய்தார்.

"அண்ணே, படம் ரொம்ப சுத்தமா இருந்துச்சே, துணி போட்டுத் துடைச்சீங்களா?"

"மெதுவாப் பேசுடா. பிள்ளை மடியில தூங்குது."

"கீழ கேட்டுல காரு நின்னப்ப இறங்கினீங்களா?"

"இல்லியே. காவலாளி எழுந்து வந்து தொறக்குற வரைக்கும் ஸ்டியரிங்கப் புடிச்சிட்டே உக்காந்திருந்தேன். ஏன்?"

சோடாபுட்டி பதிவை மறுபடி ஓட்டினார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் அசையாமல் நின்ற கார். ஸ்டியரிங் பக்கம் மூச்சே இல்லை. அதற்குள் இருந்தது ஒரே ஒரு மூச்சு...

பின் சீட்டில்.